‘காலத்துக்கு முந்தியவை’ என்ற சாக்கு

வீட்டு கேம் கன்சோல்களின் வரலாற்றைச் சொல்லும் புத்தகம், ஆவணப்படம், யூடியூப் காணொளி என எதை எடுத்தாலும், இணைய விளையாட்டு பற்றிய அத்தியாயம் 2002 நவம்பர் 15 அன்று தொடங்குகிறது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையைத் திறந்த நாள் அது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளுக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள். கேம்லைன், எக்ஸ்பேண்ட், சேகா சேனல், சாட்டிலாவியூ, ராண்ட்நெட் என்று சில பெயர்கள் வரிசையாக வந்து போகும். முடிவில் ஓர் இரங்கல் வாக்கியம்: ‘அருமையான யோசனைகள்தாம், ஆனால் காலத்துக்கு முந்திவிட்டன.’

கேட்க இதமான வாக்கியம். செத்தவர்களைப் புகழ்வதுபோல் இருக்கும். யார் கொன்றது என்று கேட்கவும் விடாது. அந்த வாக்கியத்தின் மீதுதான் என் வழக்கு.

எதிர்த்தரப்பு சொல்வதை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். 1980களிலும் 90களிலும் பெரும்பாலான வீடுகளுக்குள் தகவல் வந்து போகக்கூடிய வழி தொலைபேசிக் கம்பி மட்டுமே. அதில் பல ஆண்டுகள் நொடிக்கு 1,200 பிட், 2,400 பிட் என்று சொட்டுச் சொட்டாகத்தான் எதுவும் போகும். அடுத்த அறையில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் ஆட்டம் அறுந்துவிடும். கன்சோல் ஆடியவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். விளையாட்டுக்கு மாதச் சந்தா கட்டும் பழக்கம் அந்த வீடுகளில் இல்லை. ஆகவே வந்த சேவைகள் எல்லாம் சில ஆயிரம் பேர், சில லட்சம் பேரோடு நின்றுபோயின. நின்டெண்டோ 64-க்கு 1999 டிசம்பரில் ஜப்பானில் வந்த 64டிடி துணைக்கருவி ஏறக்குறைய 15,000 மட்டுமே விற்றது. அதை நம்பிப் பிறந்த ராண்ட்நெட் இணையச் சேவை 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. பிராட்பேண்ட் பரவிய பிறகு எக்ஸ்பாக்ஸ் லைவ் வந்தது. எல்லா விளையாட்டுக்கும் ஒரே பெயர், ஒரே நண்பர் பட்டியல், ஹெட்செட் வழியே பேச்சு என்று கொடுத்தது, வென்றது. தொழில்நுட்பம் தயாரானதும் சந்தை திறந்தது, அதற்கு முன் யார் முயன்றிருந்தாலும் தோற்றிருப்பார்கள் என்பது இவர்கள் தரப்பின் சாரம்.

இதில் சொல்லப்படும் தகவல்களோடு எனக்குச் சண்டையில்லை. லைவின் சாதனையைக் குறைக்கவும் வரவில்லை. தகவல்களிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு. அந்த முடிவு ஆறு இடங்களில் உடைகிறது.

1. வேகம் போதவில்லை என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?

1994 நவம்பரில் அமெரிக்காவில் சேகா ஜெனிசிஸுக்கு எக்ஸ்பேண்ட் என்ற மோடம் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு சூப்பர் நின்டெண்டோவுக்கும் வந்தது. கேட்டபுல்ட் என்டர்டெயின்மென்ட் என்ற சிறு நிறுவனத்தின் வேலை. மோடத்தின் வேகம் நொடிக்கு 2,400 பிட். இன்று இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் கம்பியில் எது போனது என்று யாரும் கேட்பதில்லை. படம் போகவில்லை, ஒலி போகவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே கார்ட்ரிட்ஜ் செருகியிருக்கிறது, ஒரே விளையாட்டு ஒன்றோடொன்று கால் பிசகாமல் ஓடுகிறது. இவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்ற செய்தி அவர் வீட்டுக்குப் போனால் போதும். ஜெனிசிஸின் சாதாரண கன்ட்ரோலரில் நான்கு திசை, மூன்று பொத்தான், ஒரு ஸ்டார்ட். ஆக எட்டு பிட். திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் எட்டு பிட்டையும் அனுப்பினால்கூட நொடிக்கு 480 பிட். சூப்பர் நின்டெண்டோவின் பன்னிரண்டு பொத்தானுக்கு 720. பிழை திருத்தும் சுமையை மேலே ஏற்றினாலும் 2,400-க்குள் இடம் மிச்சம் இருக்கிறது.

அடுத்தது தாமதம். எக்ஸ்பேண்டின் சர்வர் செய்தது ஜோடி சேர்க்கும் வேலை. ஆள் கிடைத்ததும் ஒரு வீட்டு மோடம் மறு வீட்டு எண்ணை நேரடியாக அழைக்கும். ஆட்டம் முடியும்வரை அந்தத் தடம் அந்த இருவருக்கே சொந்தம். இன்றைய இணையத்தில்போல் தகவல் பொட்டலங்கள் பத்து ரவுட்டர்களில் வரிசையில் காத்து நிற்கும் கதை அங்கே இல்லை. ஒரே ஊருக்குள் ஆடுகிறவர்களுக்கு அந்தப் பழைய தொலைபேசித் தடம் நிதானமான, நம்பகமான வழி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. மார்ட்டல் காம்பாட், என்பிஏ ஜாம், மேடன் எதுவும் தொலைபேசியில் ஆடுவதற்காக எழுதப்பட்டவை இல்லை. ஒரே சோபாவில் இருவர் உட்கார்ந்து ஆடுவதற்காக எழுதப்பட்டவை. கேட்டபுல்ட்டின் பொறியாளர்கள் அந்த விளையாட்டுகளின் நிரலைப் பிரித்து ஆராய்ந்து, கன்ட்ரோலரை வாசிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தார்கள். கன்சோலுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவில் செருகிய தங்கள் கருவியின் வழியாக அந்த இடத்தில் தங்கள் ஒட்டுநிரலைப் புகுத்தினார்கள். இரண்டாவது ஆட்டக்காரர் சோபாவில் இல்லை, வேறு தெருவில் இருக்கிறார் என்பது விளையாட்டுக்கே தெரியாது. ‘தொழில்நுட்பம் தயாராக இல்லை’ என்று இதைப் பார்த்துச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

பதிவிறக்கத்துக்கும் இதே கணக்குதான். 1983-இல் அட்டாரி 2600-க்கு வந்த கேம்லைன் தொலைபேசி வழியே விளையாட்டுகளை இறக்கித் தந்தது. அந்தக் கன்சோலின் வழக்கமான விளையாட்டு 4 கிலோபைட். நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் அதை இறக்கச் சுமார் அரை நிமிடம் போதும். இன்று ஒரு புது விளையாட்டை வாங்கிவிட்டு நூறு கிகாபைட் இறங்கக் காத்திருப்பவர், எந்தக் காலம் எதற்குத் தயாராக இருந்தது என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாம். ஜெனிசிஸுக்கு விளையாட்டுகளை இறக்கித் தந்த சேகா சேனலோ தொலைபேசியைத் தொடவே இல்லை. கேபிள் டிவி வழியே வந்தது. சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலில் 2000 டிசம்பரில் ஜப்பானில் வெளியான பேண்டசி ஸ்டார் ஆன்லைனில் நான்கு பேர் ஒரே குகைக்குள் இறங்கிச் சண்டையிட்டார்கள். ஜப்பானியர் ஒரு சொல்லைத் தேர்ந்தால் ஜெர்மானியருக்கு ஜெர்மனிலும் பிரெஞ்சுக்காரருக்குப் பிரெஞ்சிலும் தெரியும் வசதியை ஐந்து மொழிகளில் வைத்திருந்தார்கள். எல்லாம் சாதாரணத் தொலைபேசி மோடத்தில்.

2. கம்பி குற்றவாளி இல்லை. மீட்டர் குற்றவாளி.

ஜப்பானில் உள்ளூர்த் தொலைபேசி அழைப்புக்கு மூன்று நிமிடத்துக்கு 10 யென் என்பது பல காலம் நடைமுறையில் இருந்த கட்டணம். மூன்று மணி நேரம் ஆடினால் 600 யென். பிரிட்டனிலும் உள்ளூர் அழைப்புக்கு நிமிடக் கணக்கு இருந்தது. அமெரிக்காவில் அன்று பெரும்பாலான வீடுகளில் உள்ளூர் அழைப்புக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஊர் எல்லை தாண்டினால்தான் பில் எகிறும். எக்ஸ்பேண்ட் உள்ளூர் எதிராளியைத் தேடித் தந்ததற்குக் காரணம் அதுதான். எஸ்டிடி பூத்தில் மீட்டரின் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே பேசியவர்களுக்கு, இரவு ஏறினால் கட்டணம் கால் பங்காகக் குறையும் என்று காத்திருந்து வெளியூருக்குப் பேசியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஜப்பானும் அதே இரவுக் காத்திருப்பை அறியும். 1995-இல் அந்நாட்டின் என்டிடி நிறுவனம் ‘டெலிஹோடாய்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இரவு 11 மணி முதல் காலை 8 மணி வரை, தேர்ந்தெடுத்த எண்களுக்கு எவ்வளவு பேசினாலும் ஒரே மாதக் கட்டணம். விளைவு, பேண்டசி ஸ்டார் ஆன்லைனின் ஜப்பானிய ஆட்டக்காரர்கள் 11 மணி அடிக்கும்வரை காத்திருந்து கூட்டமாக நுழைந்தார்கள். பத்தரை மணிக்கும் பதினொன்றரைக்கும் இடையில் மோடத்தின் வேகம் கூடிவிட்டதா? கம்பி மாறிவிட்டதா? மாறியது விலைப் பட்டியல் மட்டும்.

இதைவிடத் தெளிவான சோதனை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1996 டிசம்பரில் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் மணிக்கணக்குக் கட்டணத்தைக் கைவிட்டு மாதம் 19.95 டாலர் என்று நிர்ணயித்தது. கம்பி அதே, மோடம் அதே. பயன்பாடு பாய்ந்து ஏறி, மாதக்கணக்கில் இணைப்புக் கிடைக்காமல் ‘எங்கேஜ்டு’ ஒலியைக் கேட்ட வாடிக்கையாளர்கள் கொதித்துப்போய், மாநில அரசுகளின் வழக்கறிஞர்கள் தலையிட்டு, நிறுவனம் பணம் திருப்பித் தர வேண்டியதாயிற்று. மக்கள் எவ்வளவு நேரம் இணைப்பில் இருக்க விரும்பினார்கள் என்பதை மூடி மறைத்திருந்தது மீட்டர். கட்டணம் என்பது ஒரு நிறுவனம் எடுக்கும் முடிவு, அல்லது ஓர் அரசு அனுமதிக்கும் முடிவு. அதைக் காலத்தின் கோளாறு என்று எழுதுவது அந்த முடிவை எடுத்தவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

3. முந்தியவையா? பிந்தியவை!

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஜெனிசிஸ் அமெரிக்காவில் வந்தது 1989. அதற்கு எக்ஸ்பேண்ட் வந்தது 1994 நவம்பர். சேகாவின் அடுத்த தலைமுறைக் கன்சோலான சாட்டர்ன் ஜப்பானில் வெளியான அதே மாதம். சேகா சேனல் அதற்கும் ஒரு மாதம் கழித்து. ஐந்து வயதான, வாரிசு வந்துவிட்ட கன்சோலுக்குத்தான் சேகா தன் மிகப் பெரிய இணைப்புச் சேவையைத் தொடங்கியது. ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் வந்தது 1990. செயின்ட் கிகா என்ற செயற்கைக்கோள் வானொலியோடு சேர்ந்து நின்டெண்டோ அதற்கு சாட்டிலாவியூவைத் தந்தது 1995 ஏப்ரலில். ஓராண்டும் சில மாதங்களும் கழித்து நின்டெண்டோ 64 வந்துவிட்டது. 1983-இன் ஃபேமிகாமுக்கு மோடம் 1988-இல். 1996-இன் நின்டெண்டோ 64-க்கு ராண்ட்நெட் 1999 கடைசியில்.

எல்லாம் ஒரே தவறு. கன்சோல் முதுமை அடைந்த பிறகு தனிக் கருவி, தனி விலை, தனிச் சந்தா. கன்சோல் வாங்கியவர்களில் ஒரு பகுதியினர்தான் துணைக்கருவி வாங்குவார்கள். அவர்களிலும் ஒரு பகுதியினர்தான் சந்தா கட்டுவார்கள். அந்தச் சிறு கூட்டத்துக்காக எந்த விளையாட்டு நிறுவனம் புதிதாக எழுதும்? எழுதாததால் வாங்க ஆளில்லை, வாங்க ஆளில்லாததால் எழுதவில்லை.

இந்தச் சுழலை உடைக்கத் தேவைப்பட்டது பிராட்பேண்ட் கிடையாது. மோடத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்பதுதான். அதைச் செய்தது சேகாவின் டிரீம்காஸ்ட், 1998 நவம்பரில். அந்த மோடத்தின் விலையைத் தாங்க முடியாது என்ற பேச்சு இருந்தபோதும் அதை வைத்தே ஆக வேண்டும் என்று நின்றவர் நிறுவனத்தின் தலைவர் இசாவோ ஒகாவா. எக்ஸ்பாக்ஸ் 2001-இல் ஈதர்நெட் துளையோடு வந்ததை முன்னோடிச் செயல் என்கிறார்கள். மூன்று ஆண்டுகள் முன்பே விடை எழுதப்பட்டிருந்தது.

4. மக்கள் விரும்பவில்லையாம். எந்த மக்கள்?

சேகா சேனலுக்கு உச்சத்தில் சுமார் 2,50,000 சந்தாதாரர்கள் இருந்தார்கள். மாதம் ஐம்பது விளையாட்டுகள் வரை, மாற்றி மாற்றி. மின்சாரத்தை நிறுத்தினால் இறக்கியது அழிந்துவிடும். கேபிள் நிறுவனம் தன் பகுதியில் சேவையைத் தந்தால்தான் வாங்கவே முடியும். இத்தனை வேலிகளுக்குள் இரண்டரை லட்சம். தோல்வி என்று வைத்துக்கொள்வோம். இப்போது வெற்றியைப் பார்ப்போம். எக்ஸ்பாக்ஸ் லைவ் பத்து லட்சம் சந்தாதாரர்களைத் தொட்டது 2004 ஜூலையில், தொடங்கி ஒன்றரை ஆண்டுக்கு மேலான பிறகு. முதல் எக்ஸ்பாக்ஸ் மொத்தம் விற்றது 2 கோடியே 40 லட்சம் அளவில். பெட்டிக்குள்ளேயே இணைப்பு வசதி, பிராட்பேண்ட், உலகின் மிகப் பணக்கார மென்பொருள் நிறுவனம் எல்லாம் இருந்தும், எக்ஸ்பாக்ஸ் வாங்கியவர்களில் பெரும்பாலோர் லைவுக்குச் சந்தா கட்டவில்லை. அதே அளவுகோலை இரண்டு பக்கமும் வைத்தால், ஒன்றைத் தோல்வி என்றும் மற்றதைப் புரட்சி என்றும் எழுதும் கை கொஞ்சம் தயங்கும்.

இன்னும் பின்னால் போகலாம். 1988-இல் நின்டெண்டோவும் நொமுரா செக்யூரிட்டீஸும் சேர்ந்து ஃபேமிகாமில் பங்குச் சந்தையைக் கொண்டுவந்தார்கள். மரியோ ஆடிய அதே எட்டு பிட் பெட்டியில் ஜப்பானியர்கள் பங்கு விலை பார்த்தார்கள், வாங்கினார்கள், விற்றார்கள். குதிரைப் பந்தயத்திலும் பணம் கட்டினார்கள். பணத்தையே அந்தக் கம்பியிடம் ஒப்படைத்த மக்கள் விளையாட்டை ஒப்படைக்கத் தயங்கியிருப்பார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள். 

5. அப்படியானால் ஏன் செத்தன?

நியாயமான கேள்வி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் செத்தது. அந்தக் காரணங்களுக்குப் பெயரும் தேதியும் உண்டு.

கேம்லைனை நடத்திய கன்ட்ரோல் வீடியோ கார்ப்பரேஷனின் மூளை வில்லியம் வான் மீஸ்டர். அட்டாரி, ஆக்டிவிஷன், மாட்டெல் போன்ற பெரிய வெளியீட்டாளர்கள் தங்கள் விளையாட்டுகளைத் தர மறுத்தார்கள். கடையில் கார்ட்ரிட்ஜ் விற்று வாழ்பவர்கள் அதைத் தொலைபேசியில் வாடகைக்கு விட ஏன் சம்மதிப்பார்கள்? சிறிய நிறுவனங்களின் விளையாட்டுகளை வைத்துக்கொண்டு சேவை திறந்த அதே 1983-இல் அமெரிக்காவின் வீடியோ கேம் சந்தையே சரிந்தது. கன்சோல் வாங்க ஆளில்லாதபோது அதன் மோடத்தை யார் வாங்குவார்? தொழில்நுட்பத்தின் கதி என்னவாயிற்று என்றால், மிச்சமிருந்த ஆட்கள் குவாண்டம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்று பெயர் வைத்து 1985-இல் கமடோர் 64 கணினிக்கு ஒரு சேவை தொடங்கினார்கள். அந்த நிறுவனம்தான் பின்னர் அமெரிக்கா ஆன்லைன் ஆனது. மேலே சொன்னேனே, மக்கள் முண்டியடித்துக்கொண்டு நுழைந்த அதே நிறுவனம். காலத்துக்கு முந்தியதால் செத்ததாகச் சொல்லப்படும் முயற்சி, அதே பத்தாண்டில், அதே தொலைபேசிக் கம்பியில், வேறு பெட்டியின் பின்னால் பிழைத்துக்கொண்டது.

எக்ஸ்பேண்ட் 1997-இல் நின்றபோது அதன் கன்சோல்கள் கடைகளிலிருந்து மறையத் தொடங்கியிருந்தன. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் பெர்ல்மன் அதற்குள் வெப்டிவி தொடங்கிவிட்டார். அதை 1997-இல் மைக்ரோசாஃப்ட் 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. எதுவுமற்ற வெளியிலிருந்து மைக்ரோசாஃப்ட் குதித்து வந்ததாகச் சொல்லும் வரலாற்றாசிரியர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

டிரீம்காஸ்டின் சாவுதான் மிகத் தெளிவானது. அமெரிக்காவில் அதன் இணையச் சேவையான சேகாநெட் திறந்தது 2000 செப்டம்பர். டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று சேகா அறிவித்தது 2001 ஜனவரி 31. ஐந்து மாதம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. பேண்டசி ஸ்டார் ஆன்லைன் வெளியாகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சேகா சாட்டர்ன் காலத்திலேயே பணத்தை இழந்திருந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் டிரீம்காஸ்டுக்கு விளையாட்டு எழுத மறுத்தது. டிவிடி படமும் காட்டும் பிளேஸ்டேஷன் 2 கடைக்கு வந்துவிட்டது. ஒகாவா தன் சொந்தப் பணத்தில் 1999-இல் சேகாவுக்கு 50 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தார். 2001 மார்ச்சில் இறப்பதற்கு முன் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்து, ஏறக்குறைய 70 கோடி டாலர் மதிப்புள்ள தன் பங்குகளையும் நிறுவனத்துக்கே கொடுத்தார். இணைய விளையாட்டில் ஒரு தனிமனிதன் தன் சொத்தைக் கரைத்தது அந்தப் பக்கம். இந்தப் பக்கம், முதல் எக்ஸ்பாக்ஸில் பல நூறு கோடி டாலரை இழந்துவிட்டு விண்டோஸ் வருமானத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த மைக்ரோசாஃப்ட். லைவ் பத்து லட்சத்தைத் தொடும்வரை காத்திருக்க அதனிடம் பணம் இருந்தது. சேகாவிடம் இருந்திருந்தால் 2004-இல் நாம் வேறு பெயரைப் புகழ்ந்துகொண்டிருப்போம்.

ஒரு சலுகை தருகிறேன். டிரீம்காஸ்டின் பேண்டசி ஸ்டார் ஆன்லைனில் ஏமாற்று வேலை தலைவிரித்தாடியது. பொருள்களைப் பிரதி எடுப்பார்கள், அடுத்தவர் ஆட்டத்தை உறைய வைப்பார்கள். விளையாட்டு தன் நினைவில் இருப்பதை அப்படியே நம்பியது, சர்வர் சரிபார்க்கவில்லை. அடையாளம், பாதுகாப்பு, முறைப்பாடு ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்து லைவ் இதைச் சீராக்கியது உண்மை. இது லைவின் நிஜமான சாதனை. அடுத்து நான் சொல்லப்போகும் சிக்கலும் இதே இடத்தில்தான் பிறக்கிறது.

6. இந்தக் கதையை நம்புவதால் யாருக்கு லாபம்?

‘காலம் தயாராக இல்லை, பிறகு தயாரானது’ என்று சொல்லும்போது, கடைசியில் வந்த வடிவமே இயற்கையான முடிவு என்றாகிவிடுகிறது. ஒரே நிறுவனத்தின் சர்வர், ஒரே நிறுவனத்தின் சந்தா, அந்த நிறுவனம் நினைத்த நாளில் விளக்கை அணைக்கும் உரிமை. வேறு வழியே கிடையாது என்று நாமும் தலையாட்டுகிறோம்.

வேறு வழி இருந்தது. 1996-இல் சேகா சாட்டர்னுக்கு நெட்லிங்க் என்ற மோடத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் அதற்கு ஐந்து விளையாட்டுகளே வந்தன: சேகா ராலி, டேடோனா, வர்ச்சுவல் ஆன், பாம்பர்மேன், டியூக் நியூகம். வணிகக் கணக்கில் அது ஒன்றுமேயில்லை. ஆனால் அந்த விளையாட்டுகள் ஒரு மோடத்திலிருந்து இன்னொரு மோடத்தை நேரடியாக அழைக்கின்றன. நடுவில் சர்வர் கிடையாது. சேகா கன்சோல் தொழிலை விட்டு வெளியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை ஆடப்படுகின்றன.

இந்தப் பக்கம் லைவைப் பாருங்கள். 2010 ஏப்ரல் 15 அன்று மைக்ரோசாஃப்ட் முதல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்கான லைவை நிறுத்தியது. சேவையில் செய்ய விரும்பிய மாற்றங்களுக்குப் பழைய விளையாட்டுகள் ஒத்துவரவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஹேலோ 2-இல் ஒரு சிறு கூட்டம் கன்சோலை அணைக்காமல், இணைப்பை விடாமல், மே மாதம்வரை தாக்குப்பிடித்தது. ரசிகர்கள் அந்த சர்வர்களின் நடத்தையைத் தாங்களே ஆராய்ந்து இன்சிக்னியா என்ற மாற்றுச் சேவையைக் கட்டி முடிக்க 2022 ஆனது. நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த விளையாட்டுகளின் பாதி ஊமையாகக் கிடந்தது.

பழையவை எல்லாம் உத்தமம் என்று சொல்லவில்லை. சாட்டிலாவியூ குறிப்பிட்ட நேரத்தில், நடிகர்களின் குரலோடு, வானொலி நாடகம்போல் செல்டா விளையாட்டை ஒளிபரப்பியது. 2000 ஜூனில் நின்றதும் அந்தக் குரல்கள் காற்றோடு போயின. எஞ்சியிருக்கும் நினைவுப் பொதிகளைத் தேடி வாங்கி, அவற்றில் அழியாமல் இருப்பதை ரசிகர்கள் ஒவ்வொன்றாக மீட்கிறார்கள். எக்ஸ்பேண்டும் ஜோடி சேர்க்க மைய சர்வரை நம்பியதால் சர்வரோடு போயிற்று. முதல் இருபது ஆண்டுகள் மையமான வழி, நேரடி வழி இரண்டையும் அருகருகே முயன்று பார்த்த காலம். ‘முதிராத முயற்சிகள்’ என்ற ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுப் பூட்டினால், எந்த வழி எதைத் தாங்கியது, எது தாங்கவில்லை என்று ஒப்பிடும் வாய்ப்பும் பூட்டப்படுகிறது.

விலையை இன்றைய ஆட்டக்காரர்கள் கொடுக்கிறார்கள். 2014-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. தனியாக ஆடும் பகுதியும் சேர்ந்து செத்தது; காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் வெறும் தட்டாயிற்று. அதன்பின் எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் கொடுத்த மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்து கடந்தது. அவர்கள் கேட்பது எளிய விஷயம்: சேவையை நிறுத்தும்போது, ஆட்டம் தொடர்வதற்கு ஒரு வழியை விட்டுவிட்டுப் போங்கள். நிறுவனங்களின் தரப்பில் இது நடைமுறைக்கு ஒவ்வாதது, செலவு பிடிப்பது என்கிறார்கள். நொடிக்கு 28,800 பிட் மோடத்தை வைத்துக்கொண்டு 1996-இல் நடைமுறைக்கு ஒத்து வந்தது, இன்று ஏன் ஒத்து வராது என்று கேட்க வேண்டியவர்கள் வரலாறு எழுதுகிறவர்கள். அவர்களோ 2002-இலிருந்து எழுதத் தொடங்குகிறார்கள்.

கடைசியாக ஒரு மடக்குக் கேள்வி வரும்: தாமிரக் கம்பித் தொலைபேசியே நாட்டுக்கு நாடு மூடப்படுகிறதே, நெட்லிங்க் மட்டும் என்ன சிரஞ்சீவியா? சாட்டர்ன் வைத்திருப்பவர்கள் அதையும் தீர்த்துவிட்டார்கள். இணையவழித் தொலைபேசி அடாப்டரில் அந்தப் பழைய மோடத்தைச் செருகுகிறார்கள். இல்லையென்றால் ஒரு சிறு கணினியை நடுவில் வைத்து, மோடத்தின் அழைப்பை இணையத்தில் கடத்துகிறார்கள். அந்த விளையாட்டுக்கு மறுமுனையில் இன்னொரு மோடம் பதில் சொன்னால் போதும், இடையில் இருப்பது தாமிரமா வேறொன்றா என்று அது பார்ப்பதில்லை. சேகாவைக் கேட்டுவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று ஒரு வரி அந்த நிரலில் இருந்திருந்தால், எந்த அடாப்டரும் உதவியிருக்காது.